விரலே மூடி

சாக்ஸபோனில் நன்றாகக் கை பழகியவர் கிளாரினெட்டை எடுத்தால், முதலில் கேட்பது பெரும்பாலும் கீச்சொலிதான். இரண்டிலும் ஒற்றை ரீட்தான், விரல்வரிசையும் ஓரளவு ஒன்றுதான். 1846-இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்ற அடால்ஃப் சாக்ஸே கிளாரினெட் செய்கிறவரின் மகன். பிறகு ஏன் இந்தப் பாடு?

சாக்ஸபோனின் துளைகள் விரலுக்கு அடங்காதவை. சாவியை எங்கே அழுத்தினாலும் மெத்தை வைத்த மூடி போய் அடைத்துவிடும். கிளாரினெட்டிலோ ஏழு துளைகளுக்கு விரல்சதையே மூடி. மயிரிழை இடைவெளி விட்டாலும் போச்சு. சுண்டுவிரல் தன் சாவிக்கு எட்டிப்போகும்போது பக்கத்து மோதிரவிரல் லேசாகச் சாயும். கீச்சு பிறப்பது அநேகமாக அங்கேதான். நுனியால் குத்தாமல், விரலை வளைத்து, சதைப்பகுதியால் மூடவேண்டும். இடது கட்டைவிரலுக்கு இரட்டை வேலை: துளையை விடாமல் மூடியபடியே கணுவை அசைத்து மேல்ஸ்தாயிச் சாவியையும் தொடவேண்டும். சாக்ஸபோனைக் கழுத்துப்பட்டை தாங்கும். முக்கால் கிலோ கிளாரினெட்டை வலது கட்டைவிரல்தான் சுமக்கிறது.

குழாயின் வடிவமும் சும்மா விடுவதில்லை. சாக்ஸபோன் கூம்பு, ஸ்தாயிச் சாவியை அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். கிளாரினெட் பெரும்பகுதி நேர் உருளை, வாய்ப்பக்கம் அடைத்தது போல இயங்குவது. அது மூன்று மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவும்: கீழே ஸட்ஜம் என்றால் மேலே, ஒரு ஸ்தாயியும் தாண்டி, பஞ்சமம். இந்தப் பெரிய இடைவெளியை நிரப்பும் நடுச்சுரங்களில் கை ஏறக்குறைய காலி. அடுத்த சுரத்துக்கோ ஏழு துளைகளும் ஒரே நொடியில் மூடவேண்டும். அனுபவசாலிகள் வலதுகை விரல்களை முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். அந்த நடுச்சுரத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை.

இத்தனை தொல்லை தரும் திறந்த துளைக்கு ஒரு வரமும் உண்டு. 1924 பிப்ரவரி 12-இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’ அரங்கேறியது. தொடக்கத்தில் அவர் கிளாரினெட்டுக்கு எழுதியிருந்தது பதினேழு சுரங்கள் படிப்படியாக ஏறும் ஓட்டம். ஒத்திகையில் கிளாரினெட் கலைஞர் ராஸ் கோர்மன் விளையாட்டாக அதை வழுக்கி இழுத்து வாசித்தார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய், அப்படியே வைத்துக்கொண்டார். விரலை வெடுக்கென்று தூக்காமல் ஓரமாக நழுவவிட்டால் துளை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். உதடும் தொண்டையும் ஒத்துழைத்தால் சுரம் கர்நாடக இசையின் ஜாரு போல வழுக்கி மேலே போகும். கோர்மன் அதே படைப்பில் சாக்ஸபோனும் வாசித்தவர்.