சீனா 100 வருஷம் தள்ளி யோசிக்குமா? ஒரு தவறான புரிதல் 'வரலாறு' ஆன கதை

"சீனாக்காரன் 100 வருஷத்துக்கு சேர்த்து பிளான் போடுவான்." டீக்கடை முதல் டிவி விவாதம் வரை அடிபடும் வரி இது. ஆதாரம் கேட்டால் பலரும் ஒரு குட்டிக் கதை சொல்வார்கள். சிக்கல் என்னன்னா, அந்தக் கதையே ஒரு தவறான புரிதல்.

சோ என்லாய் என்ன சொன்னார்?

1972 பிப்ரவரி. அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் சீனா சென்றிருந்தார். அந்தப் பயணத்தில் பிரெஞ்சுப் புரட்சியின் தாக்கம் பற்றிக் கேட்டபோது, சீனப் பிரதமர் சோ என்லாய், "அதை இப்பவே சொல்ல முடியாது" என்று பதிலளித்ததாகச் செய்தி பரவியது. 1789-ல் நடந்த புரட்சிக்கு 1972-லும் தீர்ப்பு சொல்ல அவசரப்படாத மனிதர்! 'சீனர்களின் தொலைநோக்கு' என்று உலகமே வியந்தது.

2011-ல்தான் குட்டு உடைந்தது. சோ பேசியது 1968-ல் பாரிஸில் வெடித்த மாணவர் போராட்டம் பற்றி என்று விளக்கினார், அந்தப் பயணத்தில் நிக்சனின் மொழிபெயர்ப்பாளராக இருந்த சாஸ் ஃப்ரீமன். அதாவது, நாலு வருஷத்துக்கு முந்தைய சம்பவம். அதற்கு யாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்வாங்க? ஆனால், 'ஞானி சீனா' என்ற பிம்பத்துக்கு அந்தப் பதில் கச்சிதமாகப் பொருந்தியதால் யாரும் திருத்த மெனக்கெடவில்லை.

'ஆபத்து + வாய்ப்பு' கதை

இன்னொன்று, ஆபீஸ் ட்ரெய்னிங் ஸ்லைடுகளில் நாம் பார்த்தது. 'நெருக்கடி' என்பதற்கான சீனச் சொல்லில் 'ஆபத்து', 'வாய்ப்பு' இரண்டும் இருக்கிறது என்பார்கள். 1959-லேயே ஜான் எஃப். கென்னடி இதை மேடையில் பேசினார்.

அந்தச் சொல் 'வெய்ஜி'. 'வெய்' என்றால் ஆபத்து, சரி. ஆனால் 'ஜி' தனியாக நின்றால் 'வாய்ப்பு' ஆகாது. இந்தச் சொல்லில் அதற்கு 'திருப்புமுனையான தருணம்' என்பதுபோன்ற பொருள்தான். செல்போனுக்கான சீனச் சொல் 'ஷௌஜி', விமானம் 'ஃபெய்ஜி'. இரண்டிலும் அதே எழுத்துதான். ஸ்லைடு சொல்வது சரின்னா, நம்ம பாக்கெட்டில் இருப்பது 'கை வாய்ப்பு'!

நிஜத்தில் எப்படி?

சீன அரசின் முடிவுகள் எல்லாமே நிதானமாகத் திட்டமிட்டவை அல்ல.

• 1958: மாவோவின் 'மாபெரும் பாய்ச்சல்' திட்டம். எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்தும் வேகத்தில் விவசாயம் சிதைந்தது. பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தனர்.

• 1980: ஒரு குழந்தை மட்டுமே என்ற கொள்கை. 2016-ல் இரண்டு, 2021-ல் மூன்று என மாறியது. 2022-ல், 1961-க்குப் பிறகு முதல்முறையாக மக்கள்தொகை குறைந்தது.

• 2022: கடுமையான கொரோனா கட்டுப்பாடுகள். நவம்பரில் உரும்ச்சி நகரில் தீ விபத்தில் 10 பேர் இறந்தனர். மீட்புப் பணிக்குக் கட்டுப்பாடுகளே தடையாக இருந்தன என்ற கோபம் தெருவுக்கு வந்தது. ஷாங்காய், பெய்ஜிங்கில் இளைஞர்கள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாள்களுடன் நின்றனர். டிசம்பரில் கட்டுப்பாடுகள் மளமளவெனத் தளர்த்தப்பட்டன.

இதனால் நமக்கு என்ன?

'எல்லாம் திட்டமிட்டது' என்று நம்பினால், ஒரு அரசின் தவறுகூட ராஜதந்திரமாகத் தெரியும். எல்லையில் நடக்கும் ஒவ்வொரு அசைவும் நூற்றாண்டுத் திட்டமாகத் தோன்றும். பயமோ பிரமிப்போ, இரண்டுமே தப்புக்கணக்கில்தான் முடியும்.

இந்தப் பிம்பத்தில் பெய்ஜிங்குக்கும் லாபம் உண்டு. '5,000 ஆண்டு நாகரிகம், ஒரே தேசம், ஒரே குரல்' என்பது அரசே விரும்பிச் சொல்லும் கதை. ஆனால், அதே அரசின் கணக்கில் அங்கே 56 இனங்கள். மாண்டரின் மட்டும் தெரிந்தவருக்கு கான்டனீஸ் பேச்சு புரியாது. வெள்ளைத் தாளுடன் நின்றவர்களும் சீனர்கள்தான், அவர்களைக் கலைத்த போலீஸாரும் சீனர்கள்தான்.

அடுத்த முறை "சீனர்கள் இப்படித்தான்" என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், ஷேர் பண்ணும் முன் ஒரு கேள்வி போதும்: எந்தச் சீனர், எப்போது சொன்னது?