கப்பல் 6, பெயர் ஒன்று! சென்னையைக் கலக்கிய 'எம்டன்' கதை

"அவன் சரியான எம்டன்யா! அவனை ஏமாத்த முடியாது" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளை ஆட்டிவைக்கும் கண்டிப்பான அப்பாவுக்கும் அதே பட்டம்தான். யார் இந்த எம்டன்?

ஆள் அல்ல, ஊர்! ஜெர்மனியில் உள்ள ஒரு துறைமுக நகரம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல்தான் சென்னையை நடுங்க வைத்தது.

இரவில் குண்டு மழை

1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி 2 மாதம்கூட ஆகவில்லை. இரவு சுமார் 9.30 மணி. விளக்குகளை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கரையை நெருங்கியது எம்டன். கேப்டன் பெயர் கார்ல் வான் முல்லர். திடீரென்று சர்ச் லைட் பளிச்சிட்டது. "டமார், டமார்" என்று நூற்றுக்கும் அதிகமான குண்டுகள்!

பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலில் மாலுமிகள் சிலர் பலியானார்கள். ஒரு குண்டு ஐகோர்ட்டு மதில் சுவரைத் தாக்கியது. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மாயம்!

பீதி அடைந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

48 நாளில் முடிவு

நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவு அருகே எம்டன் சிக்கிக்கொண்டது. ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' அதை அடித்து நொறுக்கியது. 130-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உயிர் தப்பியவர்கள் தங்கள் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதி கொடுத்தது. பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தொடர்ந்தது.

மீண்டும் மீண்டும்...

கப்பல் போனாலும் பெயரை ஜெர்மானியர் விடவில்லை. 1916-ல் 2-வது எம்டன் வந்தது. 1919-ல், சிறைப்பட்ட கப்பல்களை எதிரியிடம் ஒப்படைக்க மனமில்லாத ஜெர்மன் மாலுமிகளே ஸ்காட்லாந்து கடலில் மூழ்கடித்தார்கள். எம்டனை ஆங்கிலேயர் கரைக்கு இழுத்துவிட்டார்கள். கடைசியில் அது உடைக்கப்பட்டது.

1925-ல் வந்த 3-வது எம்டனை, 2-வது உலகப் போரில் தோற்றபோது ஜெர்மானியரே அழித்தார்கள். 4-வது எம்டன் 1961-ல் வந்தது. 1983-ல் துருக்கிக்குப் போய் பெயர் மாறியது. அதே 1983-ல் 5-வது. அது 2013-ல் ஓய்வு பெற்றது. இப்போது 6-வதாக ஒரு சிறிய போர்க்கப்பலுக்கும் அதே பெயர்!

சினிமாவிலும்...

2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு தமிழ்ப் படத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' ஆக்கினார்கள். 92 வருஷம் நம் வாயில் புழங்கியும் 'எம்டன்' தமிழ் ஆகவில்லை!

ஐகோர்ட்டுப் பக்கம் போனால் கிழக்குப் பக்க மதிலைப் பாருங்கள். குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. "எம்டன்யா அவன்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்த ராத்திரி செத்த மாலுமிகளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?