எபோனைட் பேனா

எபோனைட் பேனா என்பது எபோனைட் எனப்படும் கடின ரப்பரால் உடற்பகுதி செய்யப்பட்ட ஊற்றுப் பேனா ஆகும். தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும், ஆந்திரப் பிரதேசத்தில் ராஜமுந்திரியிலும் இவை கடைசல் இயந்திரத்தில் கையால் கடைந்து செய்யப்படுகின்றன. ஜப்பானின் விலையுயர்ந்த மகி-எ பேனாக்கள் பலவற்றுக்கும் இதே பொருளே அடிப்படையாகும்.

பொருளின் தன்மை

இயற்கை ரப்பருடன் சிறிதளவு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் மீள்தன்மையுள்ள ரப்பர் கிடைக்கிறது. கந்தகத்தின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காடாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் அது மரம்போல் கடினமாகிறது. இதற்கு நெல்சன் குட்இயர் 1851-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கருங்காலி மரத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து எபோனைட் என்னும் பெயர் வந்தது.

எபோனைட்டை மை அரிப்பதில்லை. இதில் மரைகளை எளிதாக வெட்டலாம். முள்ளின் அடியில் பொருத்தப்படும் நாக்கும் எபோனைட்டால் ஆனதாயின் மை அதில் நன்கு ஒட்டிப் பரவும். வெந்நீரில் இளக்கி, நாக்கை முள்ளின் வளைவுக்கு ஏற்பப் படியவைக்கவும் இயலும்.

இதன் பெருங்குறை நிறமாற்றம். ஒளியும் ஈரமும் படும்போது மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிசனுடன் வினைபுரிகிறது. இதனால் கருப்புப் பேனா நாளடைவில் பழுப்பாகிறது.

ஜப்பானில்

1918-இல் ரியோசுகே நமிகி, மசாவோ வாடா ஆகியோர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் பைலட் எனப் பெயர் பெற்றது. நிறமாற்றத்தைத் தடுக்க இந்நிறுவனம் எபோனைட்டின் மீது உருசி பூசியது. உருசி என்பது ஒரு மரத்தின் பால். பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கு வேறு. உருசி வெயிலில் காய்வதில்லை. ஈரப்பதமுள்ள பெட்டியில் வைத்தால்தான் இறுகும். எனவே ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருக்க வேண்டும்.

ஈரமான உருசியின் மேல் பொற்பொடியைத் தூவி வரையும் கலை மகி-எ எனப்படுகிறது. 'தூவிய படம்' என்பது இதன் பொருள். சிப்பித் துண்டுகளைப் பதிப்பது ராதென் ஆகும். கரிய பூச்சே இரவு வானமாக அமைந்துவிடுவதால், நிலவு, விண்மீன்கள், விளக்கொளி நிறைந்த நகரம் போன்ற காட்சிகள் இதற்கு இயல்பாகப் பொருந்துகின்றன. 1930-இல் இலண்டனின் டன்ஹில் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் இப்பேனாக்கள் ஐரோப்பாவில் மேலும் அறியப்பட்டன. நிறமாற்றத்துக்கான தீர்வு இவ்வாறு ஓர் ஆடம்பரக் கலையாக வளர்ந்தது.

இந்தியாவில்

ராஜமுந்திரியின் ரத்னம் பேனா நிறுவனம் உள்நாட்டுப் பேனா வேண்டும் என்ற காந்தியின் தூண்டுதலால் 1932-இல் தோன்றியது. அங்கிருந்து வந்த பேனாவுக்கு 1935-இல் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனையிலுள்ள ஜெம் அண்டு கோ, காமா என்னும் பெயரில் எபோனைட் பேனாக்களை விற்பனை செய்து வந்துள்ளது. திருவள்ளூரில் ரங்கா பேனா நிறுவனம் குடும்பத் தொழிலாக இவற்றைச் செய்கிறது.

முதலில் எபோனைட் கம்பி அளவாக வெட்டப்படுகிறது. பின்னர் அதனைத் துளையிட்டு, கடைந்து, மரை வெட்டி, மெருகேற்றுகின்றனர். மரபான இந்தியப் பேனாக்களில் உடற்பகுதியே மைக்கலம். சொட்டுக்குழாயால் மை ஊற்றப்படுகிறது. இந்தியப் பேனாக்களில் எபோனைட் பொதுவாகப் பூச்சின்றியே விடப்படுகிறது. ஆகவே கடைபவரின் கைப்பிழையை மறைக்க மேற்பூச்சு ஏதும் இல்லை.

பந்துமுனைப் பேனாவின் பரவலால் இத்தொழில் சுருங்கியது. இன்று வெளிநாடுகளில் உள்ள பேனா ஆர்வலர்களும் இவற்றை வாங்குகின்றனர். எனினும், ஏற்றுமதியாகும் பல பேனாக்களில் செருமனியிலிருந்து வரும் முள்ளே பொருத்தப்படுகிறது. உள்நாட்டுப் பேனா என்னும் பழைய நோக்கம் இவற்றில் முழுமை பெறவில்லை.

பராமரிப்பு

பேனாவை வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அத்திப்பட்டு, எண்ணூர் போன்ற ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர்களில் இது மேலும் தேவையாகும். வெளிப்புறத்தை வெந்நீரில் கழுவலாகாது. மைக்கலத்தில் மை குறைந்தால் கைச்சூட்டினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து மை கசியக்கூடும். எனவே கலம் காலியாகும் முன்னரே நிரப்புவது நல்லது. பழுப்பேறிய பேனாவின் மேற்பரப்பை நுண்ணிதாகத் தேய்த்து மெருகேற்றினால் கருமை பெருமளவு மீளும்.