போஸ்ட்ஃபிக்ஸ் 3.0

போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 என்பது போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் கட்டற்ற மின்னஞ்சல் வழங்கி மென்பொருளின், 2015 பெப்ரவரியில் வெளியான பதிப்பு ஆகும். தமிழ் உள்ளிட்ட இலத்தீன் அல்லாத எழுத்துகளில் அமைந்த மின்னஞ்சல் முகவரிகளை ஏற்றுக் கடத்தும் வசதி போஸ்ட்ஃபிக்சில் இப்பதிப்பிலிருந்தே கிடைக்கிறது. கணக்கிட்டு விரியும் அளவுருக்கள், தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் தரவுத்தள நீட்சிகள் ஆகியனவும் இதில் அறிமுகமாயின. எனினும் தமிழ்ப் பயனருக்கு முதன்மையானது முகவரி வசதியே.

வரலாறு

போஸ்ட்ஃபிக்சை வீட்சே வெனிமா ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியபோது உருவாக்கினார். 1998 இறுதியில் இது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. பன்மொழி முகவரிகளுக்கான நெறிமுறை (ஆர்.எஃப்.சி. 6531) 2012-இல் வரையறுக்கப்பட்டது. அதற்கான முதல் நிரலை ஆர்ன்ட் குல்பிரான்ட்சன், சீன இணைய வலையமைப்புத் தகவல் மையத்தின் ஆதரவுடன் எழுதினார். வெனிமா அதைத் தழுவி 3.0 பதிப்பில் சேர்த்தார். ஜிமெயில் இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் 2014-லேயே இடமளித்திருந்தது.

தமிழ் முகவரியின் தேவை

நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரியை எடுத்துக்கொள்வோம். கோத்தர் வாழும் மலை என்பது இப்பெயரின் பொருளாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலில் த, ட என்ற வேறுபாடு மறைந்துவிடுவதால், வெளியூரார் இதனைக் 'கோட்டகிரி' என்றும் படித்துவிடுகின்றனர். தமிழில் எழுதினால் இக்குழப்பம் இல்லை.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் மேல்நிலை ஆள்களங்கள் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் இணைய வேர் வழங்கிகளில் சேர்க்கப்பட்டன. எனவே 'கோத்தகிரி.தேயிலை@கோத்தகிரி.இந்தியா' போன்றதொரு முகவரியைக் கற்பனை செய்யலாம். இதில் @ குறிக்குப் பின்னுள்ள ஆள்களப் பெயருக்கு, எக்ஸ்-என் எனத் தொடங்கும் ஆஸ்கி மாற்று வடிவம் உண்டு. முன்னுள்ள பயனர் பெயருக்கோ அப்படி எதுவும் வரையறுக்கப்படவில்லை. அது யூ.டி.எஃப்-8 வடிவிலேயே செல்ல வேண்டும். சிக்கலின் வேர் இதுவே.

பயனர் பெயர் 64 பைட்டுகளைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூ.டி.எஃப்-8 வடிவில் 3 பைட்டுகள் கொள்ளும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். மேற்கண்ட 'கோத்தகிரி.தேயிலை' 46 பைட்டுகள் ஆகிறது. நீண்ட ஊர்ப் பெயரோடு தலைப்பெழுத்தையும் சேர்க்க விரும்புவோர் எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அமைவடிவம்

வசதியை இயக்குவது 'எஸ்எம்டிபியுடிஎஃப்8 எனேபிள்' என்னும் ஒரே அளவுரு. போஸ்ட்ஃபிக்ஸ், ஐ.சி.யு. எனப்படும் ஒருங்குறி நிரலகத்துடன் தொகுக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது பயன் தரும்.

புதிதாக நிறுவும் கணினியில் இது முன்னிருப்பாகவே இயங்கும். பழைய 2-ஆம் வரிசைப் பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினியில் அப்படியன்று. புதிய முன்னிருப்புகளால் ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி திடீரெனப் பிறழ்ந்துவிடாதிருக்க, 3.0 பதிப்பில் 'ஒத்திசைவு நிலை' என்ற அளவுரு புகுத்தப்பட்டது. மேம்படுத்திய வழங்கியில் இதன் மதிப்பு 0. அதனை 1 அல்லது அதற்கு மேல் உயர்த்தும் வரை தமிழ் முகவரிகளுக்கான கதவு மூடியே இருக்கும். மென்பொருள் புதிது என்பதால் வசதியும் வந்துவிட்டது என நிர்வாகி எண்ணிவிடக் கூடாது. பழைய முன்னிருப்பு பயன்படுத்தப்படுவதைப் பதிவேட்டில் வரும் குறிப்பு காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ஆள்களப் பெயர். முகவரியைத் தேட டி.என்.எஸ். வழங்கியை அணுகும்போது போஸ்ட்ஃபிக்ஸ் தானே ஆஸ்கி வடிவுக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் தன் சொந்தப் பட்டியல்களில் பார்க்கும்போது மாற்றாது. ஆகவே எந்த ஆள்களங்களுக்கான அஞ்சலை ஏற்பது என்ற பட்டியலில் தமிழ் வடிவம், ஆஸ்கி வடிவம் இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டால் அவ்வடிவில் வரும் மடல் ஏற்கப்படாது. வழங்கியின் சொந்தப் பெயரோ ஆஸ்கியில்தான் இருக்க வேண்டும்.

2017-இல் வெளியான 3.2 பதிப்பு, பழைய ஆள்களப் பெயர் விதிகளுடன் ஒத்துப்போவதற்கான தனி அளவுரு ஒன்றைச் சேர்த்தது. 'ரிக்‌ஷா' என்பதில் க்-உம் ஷ-உம் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியைப் பழைய விதி நீக்கிவிடும். புதிய விதி புள்ளிக்குப் பின் அதனை அனுமதிக்கும். இவ்வளவுரு முன்னிருப்பாக அணைந்தே உள்ளது.

ஒரே எழுத்து, இரு வடிவம்

'கோ' என்பதை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக இடலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளில் வேறு: முன்னதில் 'கோத்தகிரி' 27 பைட்டுகள், பின்னதில் 30. ஒரே குறியாகச் சுருக்கிய வடிவையே நெறிமுறை பரிந்துரைக்கிறது. பெரும்பாலான தட்டச்சுக் கருவிகளும் அதையே தருகின்றன. ஆயினும் போஸ்ட்ஃபிக்ஸ் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைக் களையுமேயன்றி இதனைக் களைவதில்லை. பிரித்து எழுதப்பட்ட முகவரி அதற்கு வேறொருவருடைய முகவரி. மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இரு வடிவங்களையும் சேர்த்துவிடுவதே எளிய வழி.

வரம்புகள்

மடல் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் இவ்வசதியை அறிவிக்க வேண்டும். அடுத்த வழங்கி அறிவிக்காவிடில், உறை முகவரியிலோ தலைப்பிலோ தமிழ் எழுத்துள்ள மடலைப் போஸ்ட்ஃபிக்ஸ் 5.6.7 என்ற பிழை எண்ணுடன் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். 2008-இன் சோதனை நெறிமுறையில், முகவரியை ஆஸ்கிக்கு இறக்கி அனுப்பும் முறை ஒன்று இருந்தது. அது 2012 நெறிமுறையில் கைவிடப்பட்டது.

இதனால் தமிழ் முகவரி வைத்திருப்போர், அதே அஞ்சல் பெட்டிக்கு ஓர் ஆஸ்கி முகவரியையும் வைத்துக்கொள்வது நடைமுறையாக உள்ளது. மேலும், போஸ்ட்ஃபிக்ஸ் மடலைக் கொண்டு சேர்ப்பதோடு நின்றுவிடும். பெட்டியைத் திறந்து படிக்க உதவும் ஐமேப் வழங்கியும், பயனரின் மின்னஞ்சல் செயலியும் இம்முகவரிகளைத் தனியே ஆதரிக்க வேண்டும்.