போர்க்காலத் துப்பாக்கி என்றாலே மட்டமா?

திருச்சியில் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களுக்குப் பஞ்சமில்லை. பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை என்று தில்லை நகரின் குறுக்குத் தெருக்கள் வரை இரும்போடு பழகிய ஊர் இது. போர்க்காலத்தில் செய்த ஆயுதம் மட்டம், அமைதிக்காலத்தில் செய்ததே உசத்தி என்ற பேச்சை இந்த ஊர்க்காரர்கள் நம்பிவிடக் கூடாது.

பிரௌனிங் ஹைபவர் கைத்துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். 1935-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் பிறந்தது. 1940-ல் ஜெர்மானியர்கள் ஆலையைப் பிடித்த பிறகும் உற்பத்தி நிற்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மேற்பூச்சு மங்கியது. மில்லிங் கட்டர் ஓடிய கோடுகளைத் தேய்த்து எடுக்காமலே அனுப்பினார்கள். அடிமைப்பட்ட தொழிலாளிக்கு அதில் அக்கறை வருமா?

அதே துப்பாக்கியை 1944, 45-ல் கனடாவின் டொரான்டோவில் ஜான் இங்லிஸ் நிறுவனம் சுமார் ஒன்றரை லட்சம் செய்தது. அதுவும் போர் அவசரம்தான். பளபளப்புக்குப் பதில் சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு. பார்வைக்கு எளிமைதான், உழைப்பிலோ கெட்டி. கனடா ராணுவம் அந்தத் துப்பாக்கிகளைச் சுமார் 80 ஆண்டுகள் வைத்திருந்தது. நம் ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்.எம். 1ஏ பிஸ்டல் இந்த இங்லிஸ் வழியில் வந்ததே. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆலையில் தயாரானது.

அமைதிக்காலமும் காப்பாற்றிவிடாது. போருக்குப் பின் ஜெர்மனி, வால்தர் பி-38-ஐ அலுமினிய உடலோடு பி-1 ஆக்கியது. எடை குறைந்தது, உடலில் விரிசல் வந்தது. பிறகு ஓர் எஃகு போல்ட்டை உள்ளே கொடுத்துச் சரிசெய்தார்கள். நம் இன்சாஸ் ரைஃபிளும் அமைதிக்காலத்தில் நிதானமாக உருவானதுதான். திருச்சியிலும் தயாரானது. 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார் எழுந்தது.

வெளியே தெரியும் கோடு துப்பாக்கியைக் கெடுக்காது. குழலின் அளவு, ஸ்லைடின் பூட்டு, எஃகின் பதம் இவற்றில் கை வைத்தால்தான் ஆபத்து. கேஜ் வைத்துப் பார்த்து, அளவு சேராததைத் தயங்காமல் ஒதுக்கித் தள்ளும் பரிசோதகருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும். மாதக் கடைசி இலக்கு அவர் கையைப் பிடிக்கக் கூடாது.

2021 முதல் திருச்சி ஆலை ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இனி ஆர்டரும் லாபமும் கணக்கில் வரும். வரட்டும். பரிசோதனை மேசையில் மட்டும் ஆள் குறைக்காதீர்கள்.