மாண்ட மீன் மீண்டது!

ஸால்மன் மீன் கடலிலிருந்து ஆற்றில் எதிரேறி வந்து முட்டையிடும் என்று படித்திருப்பீர்கள். கடலையே காணாத ஸால்மன் குலமும் உண்டு, தெரியுமோ? ஜப்பானில் தஸாவா ஏரியில் மட்டுமே வாழ்ந்த 'குனிமாஸு' அப்படிப்பட்டது. ஏரிதான் அதற்குச் சமுத்திரம்; முட்டையிடுவதும் அதன் அடியாழத்தில்தான். 1940-ல் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாக, அமிலம் கலந்த தாமா நதியை ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். பூண்டோடு போயிற்று குனிமாஸு!

ஆனால் 1935-லேயே அதன் முட்டைகளைப் பூஜி மலையடியிலுள்ள ஸாய் ஏரிக்கு அனுப்பியிருந்தார்கள். 2010-ல் குனிமாஸுவைப் படம் வரைய முற்பட்ட 'ஸகானா-குன்' என்ற சித்திரக்காரர், மாதிரிக்காக வேறு ஜாதி ஸால்மன்களை அங்கிருந்து வரவழைத்தார். சில மட்டும் கறுத்திருந்தன. கியோட்டோ சர்வகலாசாலைப் பேராசிரியர் நகாபோ சோதித்துப் பார்த்தார். சாக்ஷாத் குனிமாஸுவேதான்! ஏரியோரத்துச் செம்படவர்களோ அதைக் 'கறுப்பு மாஸு' என்று சொல்லி வெகுகாலமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்! புகுந்த வீட்டில் பிழைத்துக்கொண்டது. பிறந்த வீட்டில்தான் அமிலம் இன்னும் முற்றும் நீங்கவில்லை.