அயலூர்களைக் காத்த சிற்றூர்

இங்கிலாந்து தேசத்தின் டெர்பிஷயர் மாவட்டத்துக் குன்றுகளிடையே ஈம் என்றொரு சிற்றூர் உள்ளது. கல்லாற் கட்டிய வீடுகளும், தூய லாரன்ஸ் தேவாலயமும், அதன் முற்றத்தில் நிற்கும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய கற்சிலுவையும் அவ்வூரின் தொன்மையைப் பறைசாற்றுகின்றன. ஆயினும் பிரயாணிகள் அங்குச் செல்வது எழிலைக் காண்பதற்கு மட்டுமன்று. அவ்வூரார் புரிந்த அரியதொரு தியாகத்தை நினைவு கூர்வதற்கேயாகும்.

1665ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் வாட்டியது. அங்கிருந்து ஈம் ஊருக்கு ஒரு துணிப்பொதி வந்தது. ஈரமாயிருந்த துணியை ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையற்காரர் நெருப்பருகே விரித்து உலர்த்தினார். அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பர். செப்டம்பர் முதல் வாரத்திலேயே அவர் மாண்டார். அவர் தங்கியிருந்த குடில் தேவாலயத்தின் அருகே இன்றும் நிற்கிறது.

1666 ஜூன் மாதம் நோய் மீண்டும் சீறியெழுந்தது. அப்போது அங்குக் குருவாயிருந்தவர் வில்லியம் மோம்பெசன் என்னும் இளைஞர். அவருக்கு முன் குருவாயிருந்து, சமயக் கொள்கை வேறுபாட்டால் பதவியிழந்தவர் தாமஸ் ஸ்டான்லி. வேற்றுமையை மறந்து இருவரும் ஒன்றுகூடினர். ஊரைவிட்டு எவரும் வெளியேறலாகாது. வழிபாடு திறந்த வெளியில் நடைபெற வேண்டும். இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தத்தம் நிலத்தில் புதைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அயலூரார் எல்லையில் உணவை வைத்துச் சென்றனர். அதற்குரிய காசை எல்லைக் கல்லின் குழிகளில் காடி ஊற்றி இட்டனர் ஈம் மக்கள்.

மோம்பெசன் தம் குழந்தைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டவர். ஊராரை இருக்கச் சொன்னவரும் அவரே. இதனைக் கண்ட தாய்மார் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் அவருடைய மனைவி காதரின் கணவரை விட்டுப் பிரிய மறுத்து, நோயாளிகளுக்குப் பணிபுரிந்து, ஆகஸ்டு மாதத்தில் உயிர் நீத்தார். அவரது கல்லறை தேவாலய முற்றத்தில் உள்ளது.

ஊருக்குச் சற்றுத் தொலைவில், வயல் நடுவே, ரைலி கல்லறைகள் உள்ளன. எலிசபெத் ஹான்காக் என்னும் மாது, எட்டே நாட்களில் கணவரையும் ஆறு மக்களையும் தம் கையாலேயே அங்கு அடக்கம் செய்தார். ஆறுதல் கூற அருகே வருவார் யாருமிலர்.

நவம்பர் மாதத்தில் நோய் ஓய்ந்தது. பதினான்கு மாதங்களில் மாண்டோர் ஏறத்தாழ 260 பேர். சுற்றுப்புற ஊர்களுக்கோ நோய் பெரிதும் பரவவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று அவர்களை நினைந்து அங்கு வழிபாடு நடைபெறுகிறது.

2020ஆம் ஆண்டில் சொந்த ஊர் செல்ல வழியின்றி, அயல் மாநிலங்களில் கதவடைத்திருந்த நமக்கு அவர்தம் துயரம் நன்கு விளங்கும். நமக்கேனும் அரசாங்கத்தின் ஆணை இருந்தது. தொலைவிலிருந்த உற்றாரின் குரலேனும் செவியில் விழுந்தது. ஈம் மக்களோ தாமே இசைந்து எல்லைக்குள் நின்றனர். தாம் அறியாத அயலாரின் பிள்ளைகள் வாழவேண்டும் என்பதற்காகத் தம் பிள்ளைகளை இழந்த அவ்வெளிய மக்களை நாம் மறத்தலாகாது.